மகள் ஹெலிகாப்டர் என்கிறாள், பெரியப்பா விமானம் என்கிறார்

போன வாரம் என்னிடம் ஆலோசனை கேட்க மகளுடன் வந்த ஒரு தந்தை, இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை என்றார். பள்ளிப் படிப்பை முடித்த மகள், ஹெலிகாப்டர் விமானியாவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பெரியப்பாவோ, "பறப்பதென்றால் பயணிகள் விமானம் ஓட்டட்டும், ஹெலிகாப்டர் ஓட்டுவது வாடகை வண்டி ஓட்டுகிற மாதிரி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். விமானப் பயிற்சிக்கு முன்பணம் கட்டும் தேதியும் நெருங்கிவிட்டது. பதற வேண்டாம், யோசித்து முடிவு செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த 'வாடகை வண்டி' காதில் விழுந்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் அண்ணன் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருப்பார். அது சும்மா நிற்கவில்லை, நிறுத்தப்படுகிறது. விமானியின் இடக்கையில் கலெக்டிவ், அதாவது ஏற்றி இறக்கும் நெம்புகோல்; வலக்கையில் சைக்ளிக், முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் பிடி; காலடியில் மூக்கைத் திருப்பும் இரண்டு மிதிகள். கலெக்டிவை ஒரு விரற்கடை உயர்த்தினால் முறுக்குவிசை கூடி மூக்கு திரும்பும். மிதியை அழுத்தித் திருப்பினால், வாலில் உள்ள சிறு சுழலியின் தள்ளலில் ஹெலிகாப்டரே பக்கவாட்டில் நகரும். அதைச் சைக்ளிக்கால் பிடித்தால் உயரம் குறையும். மறுபடி கலெக்டிவ். மூன்றையும் ஒன்றாகக் கையாள வேண்டும், அதுவும் யோசிக்க நேரமில்லாமல். தானியங்கி உதவி இல்லாத சிறிய ஹெலிகாப்டரில் சைக்ளிக்கை விட்டால் சில நொடிகளில் நிலை குலைந்துவிடும்.

இயந்திரம் நின்றால் விழுந்துவிடுமே என்று கேட்டீர்கள். விழாது, விமானி விழிப்பாக இருந்தால். ஓரிரு நொடிக்குள் கலெக்டிவை முழுக்க இறக்கிவிட வேண்டும். கீழிருந்து மேலே பாயும் காற்றே தலைக்கு மேலிருக்கும் சுழலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரையை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசியில், சுழலியில் மிச்சமிருக்கும் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறங்க வேண்டும். அந்தச் சேமிப்பு ஒரு முறைக்குத்தான் போதும். ஆட்டோரொட்டேஷன் என்ற இதை உங்கள் மகள் திரும்பத் திரும்பப் பழகுவாள்.

விமான நிறுவன வேலை, ராணுவ வேலை இரண்டையும் பற்றி உறவினர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாத ஒரு வேலை இருக்கிறது: நீண்ட கயிற்றில் சுமை தூக்கும் வேலை. மலைச்சரிவில் மின்கோபுரம் எழுப்ப, காட்டுத்தீக்குத் தண்ணீர் கொண்டுபோக, சாலையே இல்லாத இடத்தில் இயந்திரத்தை இறக்க இவர்கள்தான் வேண்டும். ஹெலிகாப்டரின் வயிற்றுக் கொக்கியில் முப்பது, ஐம்பது மீட்டர் கயிறு தொங்கும். விமானி பக்கவாட்டில் சாய்ந்து, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நேர் கீழே சுமையைப் பார்த்தபடியே ஓட்டுவார். கருவிகளுக்கு ஓரக்கண் மட்டும். சுமை ஊசலாடினால் எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது; அது போகும் பக்கமே தானும் நகர்ந்து, அதன் தலைக்கு மேல் போய் நிற்க வேண்டும். ஊசல் அடங்கிவிடும். கோபுரத்தின் மேல்பகுதியை இறக்கும்போது, கீழே ஆட்கள் போல்ட்டைக் கையில் வைத்துக் காத்திருப்பார்கள். துளையும் துளையும் சேரும் வரை, மேலே விசிறியடிக்கும் காற்றில், விரல் அளவு விரல் அளவாக நகர்த்துவார். 2005 மே 14 அன்று பிரெஞ்சுச் சோதனை விமானி திதியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கி, இரண்டு நிமிடத்துக்கு மேல் அங்கேயே நிறுத்தினார். அது உலகுக்குத் தெரிந்தது. கோபுரத்தின் மேல் நாள் முழுவதும் இதைச் செய்பவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. தாழ்வாகப் பறப்பவர்களுக்கு மின்கம்பிதான் எமன். அதை மறைத்து உங்கள் சம்மதத்தை வாங்க மாட்டேன்.

இனி பணம். இங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. சர்வதேச விதிப்படி வணிக ஹெலிகாப்டர் உரிமத்துக்கு 150 மணி நேரப் பறத்தல் வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியானால் 100. சிறிய விமானத்தைவிட ஹெலிகாப்டரில் ஒவ்வொரு மணி நேரமும் செலவு அதிகம். உரிமம் கிடைத்த மறுநாள் யாரும் கயிற்றைக் கையில் தர மாட்டார்கள். நல்ல வேலைகள் பலவற்றுக்கு ஆயிரம் மணி நேரமாவது கேட்பார்கள். அதுவரை பயிற்றுநராக இருக்கலாம், தரையில் கொக்கி மாட்டும் ஆளாகவும் இருக்கலாம். பலர் அப்படித்தான் வந்தார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் கையில் பணம் இல்லையென்றால் இப்போது தொடங்காதீர்கள். வீட்டை அடகு வைக்காதீர்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள். 2008-ல் அமெரிக்காவில் பெரிய ஹெலிகாப்டர் பயிற்சி நிறுவனம் ஒன்று திடீரென மூடப்பட்டபோது, கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த மாணவர்களிடம் கடன் மட்டுமே மிஞ்சியது.

விமான உரிமம் வாங்கிவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாமே என்றீர்கள். அந்த உரிமத்தை வைத்து ஹெலிகாப்டர் ஓட்ட முடியாது. தனியாகப் பயிற்சி, தனியாகத் தேர்வு. ஒரு மகளுக்கு இரண்டு செலவு.

பேச்சோடு பேச்சாக ஒரு குறையும் சொன்னீர்கள்: இரண்டு வருடமாக மாடியில் ஒரு பொம்மை ஹெலிகாப்டரோடு பொழுதைக் கழிக்கிறாள் என்று. நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: அதன் மூக்கு உன்னைப் பார்த்திருக்கும்போது ஒரே இடத்தில் நிறுத்த முடியுமா? அப்போது இடம் வலமாகும், வலம் இடமாகும், பழகியவர்களே தடுமாறுவார்கள். "பேட்டரி தீரும் வரை நிறுத்துவேன்" என்றாள். முதல் மாதத்தில் எத்தனை முறை உடைத்தாள், எந்தப் பாகத்தைத் தானே மாற்றினாள் என்றும் விரல்விட்டுச் சொன்னாள். இதை நீங்கள் பொழுதுபோக்கு என்கிறீர்கள். நான் இரண்டு வருட உழைப்பு என்கிறேன்.

விமானப் பயிற்சிக்கான முன்பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு அவளை அழைத்துப் போங்கள். கண், காது, இதயம் தேறிய பிறகுதான் மற்றதெல்லாம். அடுத்து, பயிற்றுநருடன் ஒரு மணி நேரச் சோதனைப் பறத்தல். நான்கு இருக்கை ஹெலிகாப்டராகக் கேளுங்கள். பெரியப்பா பின்னால் அமர்ந்து, அவள் கைகளைப் பார்க்கட்டும்.