சதுப்போரத்தில் பறவைக் குடில்: எதில் காசைப் போடுவது?

தம்பி, திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து கொழும்புக்கு அருகே தலங்கமப் பக்கம் வீடு எடுத்திருக்கிறீர்கள், பின்வேலிக்கு அப்பால் சதுப்பு, ஒளிந்திருந்து பறவைகளைப் படமெடுக்கச் சின்னதாக ஒரு குடில் போட வேண்டும், கையில் பணம் குறைவு, எந்தப் பொருள் மழை தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். நானும் மதுரைப் பக்கத்து ஆள்தான், கொழும்பில் குடும்பத்தோடு தங்கிவிட்டேன். ஊர்க் கணக்கை வைத்து இங்கே பொருள் வாங்காதீர்கள்.

நம்மூரில் மழை கொட்டினாலும் அடுத்து வெயில் காய்ச்சி எடுத்துவிடும். இங்கே மே மாதம் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரில் சாயங்கால இடிமழை, வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் வாக்கில் பெய்யும். அந்த ஈரம் காயாமல் கிடப்பதுதான் பொருளைத் தின்னும், மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அதனால் காசைக் கால், கூரை, ஆணி மூன்றில் போடுங்கள். சுவர் மலிவாகவே இருக்கட்டும்.

மரத்தை மண்ணில் புதைக்கவே புதைக்காதீர்கள். வேலிக்கு நடும் கான்கிரீட் தூண் இங்கே சுலபமாகக் கிடைக்கும், நான்கை நட்டுத் தரைக்கு மேலே மரச்சட்டத்தைப் போல்ட் போட்டு முடுக்கினால் கறையானுக்கு வழி குறையும், ஏறினாலும் கண்ணில் படும். சட்டத்துக்கு முற்றிய தென்னை மரம் நல்லது. ரப்பர் மரம் மலிவு என்று கடைக்காரர் சொல்வார், வெளியில் வைத்தால் உளுத்துப்போகும். துறைமுகச் சரக்கோடு வந்த பழைய பலகைத் தட்டுகளும் (பேலட்) விலைக்கு வரும், அதில் 'எச்.டி.' (HT) முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, வாங்கலாம். 'எம்.பி.' (MB) என்றிருந்தால் புகை மருந்து அடித்தது, விட்டுவிடுங்கள். எச்.டி. என்பதற்காக மழை தாங்கும் என்று நினைக்க வேண்டாம், பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். கழிவு எஞ்சின் ஆயிலை மட்டும் பூசாதீர்கள், அது வழிந்து சதுப்புக்குத்தான் போகும்.

கூரைக்குத் துத்தநாக, அலுமினியப் பூச்சுள்ள தகரம். பளபளப்பு பறவையை விரட்டும் என்பதால் மங்கலான பச்சை அடித்து, மேலே மெல்லிய மரச் சிலாகை வைத்து இடைவெளி விட்டுக் கிடுகு (பின்னிய தென்னங்கீற்று) போட்டால் மழைச் சத்தமும் சூடும் குறையும். பழைய அஸ்பெஸ்டஸ் ஓசியாகக் கிடைத்தாலும் வேண்டாம், அறுக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. நீல நிறத் தார்ப்பாயும் வேண்டாம், வெயிலில் பொடிந்துபோகும், மடிப்பில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும், சுகாதாரப் பரிசோதகர் பார்த்தால் வழக்கு வரைக்கும் போகும். கொழும்பில் அதை விளையாட்டாக எடுப்பதில்லை.

ஆணி, போல்ட் எல்லாம் துத்தநாகம் பூசிய கால்வனைஸ் வகையாக வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு கடையோடு நிற்காமல் நாலு கடை ஏறி இறங்குங்கள், விலை வித்தியாசம் தெரியும்.

சுவருக்குக் கிடுகும் பச்சை நிழல்வலையும் போதும். கிடுகு ஒரு மழைக்காலம், மிஞ்சினால் இரண்டு. உள்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், பின்னால் வெளிச்சம் இருந்தால் உங்கள் நிழலைச் செந்நாரை தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. இணையத்தில் வேட்டைக்காரர்கள் காட்டும் அந்த இராணுவப் புள்ளித் துணியை இங்கே கட்டாதீர்கள், உடுத்தவும் வேண்டாம். பாராளுமன்றமும் அக்குரேகொடைப் பாதுகாப்புத் தலைமையகமும் உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. புதுசாக வந்த தமிழ்ப் பையன் நீள லென்ஸோடு மறைவாக உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு போன் போனால் போதும், அன்றைய பொழுது விளக்கம் சொல்வதிலேயே போய்விடும். வீட்டுக்காரரிடமும் இரண்டு பக்கத்து வீடுகளிலும் முன்கூட்டியே சொல்லி, எடுத்த படங்களைக் காட்டிவிடுங்கள், அப்புறம் அவர்களே எந்தப் பறவை எப்போது வருகிறது என்று கூப்பிட்டுச் சொல்வார்கள். குடில் உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கட்டும், தலங்கமக் குளமும் சுற்றுப்புறமும் 2007இல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டவை.

வலசைப் பறவைகள் அக்டோபர் வாக்கில் வரத் தொடங்கும். ஆகஸ்ட்டில் மழை சற்றுத் தணியும்போது தூணை நட்டுவிடுங்கள்.