பல மாவட்டங்களைச் சேர்த்து ஒரே பொருளாதாரத் திட்டம் போடுவது ராமநாதபுரம் கடற்கரைக்குச் சரிவருமா?

அமெரிக்காவில் பல கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்து ஒரே வளர்ச்சித் திட்டம் வைத்திருப்பது போல, ராமநாதபுரம் கடற்கரையையும் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து ஒன்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஒரு தடவை போட்டும் பார்த்தார்கள். அதற்கு முன் என் கதை கொஞ்சம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிக்காரன். அத்தையைக் கட்டிக்கொடுத்தது கோட்டைப்பட்டினத்தில். எஸ்.பி.பட்டினம் தாண்டியதும் புதுக்கோட்டை மாவட்டம் என்று சாலையில் பலகை வரும். கடலில் அப்படிப் பலகை ஏதும் கிடையாது. அதே நண்டு, அதே வலை, அதே கேரள லாரி. சில வருஷங்களுக்கு முன் நானும் அத்தை மகனும் கூட்டாக நண்டு வாங்கி அனுப்பினோம். குளிர்பதன அறை போட மானியம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், "உங்க சரக்குல பாதி அடுத்த மாவட்டத்துது, அங்க கேளுங்க" என்றார்கள். அங்கே போனால், "இடம் இங்க இல்லையே" என்றார்கள். அத்தோடு சரி. இன்றைக்கும் ஐஸ் பெட்டிதான்.

அந்த அதிகாரிகளைச் சொல்லிக் குற்றமில்லை. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது, பெருநகரத்துக்குத் தனிக் குழு இருக்கிறது. பெருநகரமே இல்லாத நான்கு மாவட்டங்கள் சேர்ந்து உட்கார வழி சொல்லவில்லை. அமெரிக்காவிலோ 1965ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. கவுண்டிகள் கூடிப் போடும் திட்டத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். அதைக் காட்டித்தான் அந்தச் சட்டத்தில் வரும் மத்திய உதவிப் பணத்தில் பெரும்பாலானதைக் கேட்க முடியும். அதனால் ஆளுக்காள் சண்டை போட்டாலும் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

இங்கே போட்டுப் பார்த்தது 2017இல் வந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டம். பாக் விரிகுடாவின் இழுவைமடிப் படகுகளைக் குறைத்து, சூரை மீன் (டியூனா) பிடிக்கும் படகுகளாக மாற்றுவது நோக்கம். ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று கரை முழுவதையும் ஒன்றாக எடுத்தார்கள். அது சரியான பார்வை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படகு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. மூன்று வருஷத்தில் 2,000 படகு என்றார்கள். பக்கத்தில்கூடப் போகவில்லை.

எங்கள் பக்கம் கடல் பெரும்பாலும் 10 மீட்டர் ஆழம்தான். இன்று போய் நாளைக் காலை கரை வந்து பங்கு பிரிக்கிற தொழில். சூரைக்கு வாரக்கணக்கில் தங்கு கடல் போக வேண்டும். அது வேறு தொழில், வேறு ஆள்கட்டு. கைப்பணம் 8 லட்சம், கடன் 16 லட்சம், போதாததற்குப் பழைய படகையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆழத்துக்குப் போக மன்னார் வளைகுடாப் பக்கம் போயாக வேண்டும். நடுவில் பாம்பன் கால்வாய், பாலம் திறக்கும்வரை காத்திருப்பு. அந்த வளைகுடாக் கரையில், சாயல்குடிப் பக்கம் மூக்கையூரில் துறைமுகம் கட்டினார்கள், படகுக்காரர் வீடோ ராமேஸ்வரத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும். வட்டாரத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் தொழிலைக் கோட்டைவிட்டார்கள்.

இதே கரையில் ஓடுகிற ஏற்பாடும் ஒன்று உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. மோதலில் பிறந்த கட்டு. மீறல் உண்டு, சண்டை உண்டு. ஆனாலும் நாள் கணக்கு எல்லாருக்கும் தெரியும், எந்த மாவட்டத்துப் படகு என்று யாரும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், நான்கு மாவட்டத்தைச் சுற்றி ஒரே கோடு போடுவதே வீண். 1985 வரை சிவகங்கையும் விருதுநகரும் எங்கள் மாவட்டம்தான். அவ்வளவு பெரிய மாவட்டமாக இருந்தபோதும் வைகைத் தண்ணீர் மேலே தேனி, மதுரையைக் கேட்டுத்தான் எங்கள் பெரிய கண்மாய்க்கு வந்தது. தண்ணீருக்குக் கூட்டாளி அவர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் முண்டு மிளகாய்க்கு விருதுநகர் வத்தல் வியாபாரி வேண்டும். நண்டுக்கும் இறாலுக்கும் புதுக்கோட்டையும் தூத்துக்குடியும். பொருளுக்குப் பொருள் வட்டாரம் மாறும்போது, அந்தந்தப் பொருளுக்குச் சிறு கூட்டமைப்பும், மாவட்ட எல்லை கேட்காத பொதுப் பணமும் இருந்தால் போதும். மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆறு கடலோர மாவட்டங்களுக்கானது என்கிறார்கள். அத்தை மகனும் பாசி வளர்க்க மூங்கில் மிதவை கட்டப்போகிறான். விதைப்பாசிக்கு அவனை எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு இந்தப் பதிலைத் திருத்துகிறேன்.