எலிமினேஷன் டயட்: ஆலோசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்

மேடம், வயிறு உப்புசம், தலைவலி என்று க்ளையன்ட் வந்தால் முதல் நாளே பால், கோதுமை, முட்டை, சோயா எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம். எலிமினேஷன் டயட் என்றால் சந்தேகப்படும் உணவைச் சில வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது. அதைத் தொடங்கும் முன் முதல் இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிடச் சொல்லிக் குறிப்பெழுத வையுங்கள். என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, தொந்தரவு எப்போது வந்தது, அதோடு தூக்கம், மாதவிடாய் நாட்கள், புதிதாக எடுக்கும் மருந்து. இதைப் பார்த்தாலே சந்தேகம் பலருக்கு இரண்டு மூன்று உணவுகளுக்குள் அடங்கிவிடும், அப்புறம் எதற்கு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்? காரணமில்லாத எடைக் குறைவு, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் நாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்ததாகச் சொன்னால் அது அலர்ஜியாக இருக்கலாம். அந்த உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கச் சொல்லவே கூடாது.

என் க்ளையன்ட் மூன்று மாதமாகக் கோதுமையைத் தொடுவதில்லை, நன்றாக இருக்கிறார். இனி சீலியாக் பரிசோதனை தேவையா?

நிறுத்துவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியது அது. சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடம்பே தன் குடலைத் தாக்கும் நோய். குளூட்டனை நிறுத்தியதும் ரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் எதிர்ப்பான்கள் குறைய ஆரம்பித்துவிடும், அதனால் இப்போது அவற்றைத் தேடும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நம்ப முடியாது. மருத்துவரிடம் அனுப்புங்கள், சில வாரம் மறுபடி கோதுமை சாப்பிட வைத்துப் பரிசோதிக்கலாமா என்பதை அவர் முடிவு செய்வார். ஐஜிஏ என்ற எதிர்ப்பான் வகையின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ பொய்யாக 'இல்லை' காட்டும்.

'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று விட்டுவிடாதீர்கள். சீலியாக் என்றால் ஆயுள் முழுக்கத் துளி குளூட்டனும் ஆகாது, ரத்த உறவுகளையும் பரிசோதிக்க வேண்டும். சீலியாக் இல்லையென்றால் காரணம் குளூட்டனாக இல்லாமலும் இருக்கலாம். 2018-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே ஒதுக்கி வைத்திருந்த 59 பேருக்கு, எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன், ஃப்ரக்டான் (கோதுமையிலேயே உள்ள, நமக்குச் செரிக்காத ஒரு வகைக் கார்போஹைட்ரேட்), இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டங்களைக் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு கொடுத்தது ஃப்ரக்டான்தான். அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. கோதுமையை மட்டும் விட்டவருக்கு ஏன் பாதி மட்டும் குறைந்தது என்று குழம்பியிருந்தால், இங்கே பாருங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது என்பதால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம், மணம் கிடைக்கும்.

ஐஜிஜி ரிப்போர்ட்டில் ஏகப்பட்ட உணவுகள் சிவப்பில் வந்திருக்கின்றன, அத்தனையையும் நிறுத்தணுமா?

ஒன்றைக்கூட அதை வைத்து நிறுத்தாதீர்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பான், ஓர் உணவுக்கு அது இருந்தால் அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்றுதான் அர்த்தம், அடிக்கடி சாப்பிடுவதுதான் அதிகம் வரும். ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவச் சங்கங்கள் இரண்டுமே இந்தப் பரிசோதனை வேண்டாம் என்கின்றன. காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் வருபவரிடம் கோபப்படாமல் பொறுமையாகச் சொல்லுங்கள்.

திரும்பச் சேர்ப்பதை எப்படிச் செய்வது? என் க்ளையன்ட்கள் இங்கேதான் நழுவிப் போகிறார்கள்.

நம் வேலையே இதுதான். நிறுத்துவது சோதனைக்கான தயாரிப்பு, திரும்பச் சேர்ப்பதுதான் சோதனை. நிறுத்தும் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். திரும்பச் சேர்க்கும் தேதியை ஆரம்பத்திலேயே குறித்துக் கொடுங்கள். ஒரு சமயத்தில் ஒரே உணவு, முதல் நாள் கொஞ்சம், மறுநாள் அதைவிடக் கூடுதல், மூன்றாம் நாள் வழக்கமாகச் சாப்பிடும் அளவு. பிறகு மூன்று நாள் மறுபடி நிறுத்தி, உடம்பு பழைய நிலைக்கு வந்த பிறகே அடுத்தது. தொந்தரவு வந்தால் அதோடு நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலருக்கு எல்லை இருப்பது உணவில் அல்ல, அளவில். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்களிலேயே பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது சுமார் ஒரு கப் பால், பெரிய தொல்லையில்லாமல் தாங்குவார்கள். அவர்களிடம் போய் 'பாலே கூடாது' என்று சொன்னால் அது அநியாயம். பயணம், பரீட்சை, காய்ச்சல், தூக்கமில்லாத வாரம் என்றால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள்.

நான் ஆலோசகர் இல்லை, ஓர் அம்மா. என் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்), பாலையும் முட்டையையும் நிறுத்திப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. இப்போது பிரச்சினையில்லாமல் சாப்பிடும் உணவை எக்ஸிமா உள்ள குழந்தைக்கு நீண்ட நாள் நிறுத்திவிட்டு மறுபடி கொடுக்கும்போது, சிலருக்குத் திடீரென்று கடுமையான அலர்ஜி வந்திருக்கிறது. வளர்ச்சியும் பாதிக்கும். முதலில் தோல் மருத்துவர் சொல்லும் களிம்பும் ஈரப்பதம் காக்கும் பராமரிப்பும் ஒழுங்காக நடக்கட்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் குழந்தை அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள்.

நாலு வாரம் சரியாக நிறுத்தியும் மாற்றமே இல்லை. இன்னும் சில உணவுகளைச் சேர்த்து நிறுத்தலாமா?

இல்லை, நிறுத்தியதை எல்லாம் திரும்பக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். காரணம் உணவில் இல்லை என்று தெரிவதும் நல்ல பதில்தான்.

குணமாகிவிட்டது, ஆனால் எதையும் திரும்பச் சாப்பிடப் பயப்படுகிறார்.

இதை லேசாக எடுக்காதீர்கள். பட்டியல் சுருங்கிக்கொண்டே போகிறதா, வெளியில் சாப்பிடுவதைத் தவிர்க்கிறாரா, எடை இறங்குகிறதா என்று கேளுங்கள். முன்பு உணவுண்ணல் கோளாறு இருந்ததா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும், இருந்திருந்தால் இந்த டயட்டையே தொடங்கியிருக்கக் கூடாது. வெறும் தயக்கம்தான் என்றால், அவருக்கு மிகவும் பிடித்த, சந்தேகம் குறைந்த உணவில் ஒரு ஸ்பூனிலிருந்து ஆரம்பியுங்கள், அன்றைக்கு அவர் கூப்பிட்டால் பேசுவதற்கு நீங்கள் இருங்கள். பயம் அதற்கும் இறங்கவில்லை என்றால் மனநல ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் பொருட்களை அவர் அடியோடு விட்டிருந்தால் கால்சியம் வேறு எதிலிருந்து வருகிறது என்று இந்த வாரமே கணக்குப் பாருங்கள், பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் வேண்டும்.