ஒரு கண்ட்ரோல், பல சாளரங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, டாட்நெட்டில் சாளர நிரல்கள் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் பற்றியவை. இதில் ஃபார்ம் என்பது சாளரம், கண்ட்ரோல் என்பது அதில் வைக்கும் பெட்டி, பொத்தான் போன்ற உறுப்பு. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். கூடவே வந்த நிரல் வரிகளையும் பார்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பெயர், தெரு, மாநிலம், பின்கோடு அடங்கிய முகவரிப் பகுதியை யூசர் கண்ட்ரோலாக (பல உறுப்புகளைச் சேர்த்து நாமே ஆக்கும் கண்ட்ரோல்) செய்தேன். விற்பனை ஃபார்மில் ஒழுங்காக ஓடுகிறது. சப்ளையர் ஃபார்மில் வைத்தால், மாநிலத்தை மாற்றியதுமே பிழை. ஏன்?

பதில்: மாநிலம் மாறியதும் பேரன்ட்ஃபார்மை, அதாவது கண்ட்ரோல் இருக்கும் ஃபார்மை எடுத்து, அது விற்பனை ஃபார்ம்தான் என்று காஸ்ட் (வகை மாற்றம்) செய்து, வரிக் கணக்கு மெத்தடை அழைக்கிறீர்கள். சப்ளையர் ஃபார்மில் அந்தக் காஸ்ட் தோற்காமல் என்ன செய்யும்? தான் எந்த ஃபார்மில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கண்ட்ரோலுக்குத் தெரியவே கூடாது. ‘முகவரி மாறியது’ என்று ஓர் ஈவென்டை (நடந்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பு) எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஐஜிஎஸ்டியா, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியுமா என்பது விற்பனை ஃபார்மின் கவலை. அது அந்த ஈவென்டைக் கேட்டுக்கொள்ளட்டும். சப்ளையர் ஃபார்ம் கேட்காமல் விட்டுவிடட்டும்.

உள்ளே உள்ள டெக்ஸ்ட்பாக்ஸ்களை எல்லாம் பப்ளிக் ஆக்கியிருப்பதையும் கவனித்தேன். நாளை மாநிலத்தைக் காம்போபாக்ஸாக மாற்றினால் அதைத் தொட்ட எல்லா ஃபார்ம்களையும் திருத்த வேண்டியிருக்கும். ‘முகவரி’ என்ற ஒரே ப்ராப்பர்டியை வெளியே காட்டுங்கள். டாட்நெட் 9-க்கு மாறியிருந்தால், அந்த ப்ராப்பர்டியின் மதிப்பை டிசைனர் (ஃபார்மை வரைந்து பார்க்கும் விஷுவல் ஸ்டூடியோ பகுதி) எழுதி வைக்க வேண்டுமா, கூடாதா என்று சொல்லாதவரை டபிள்யூஎஃப்ஓ1000 என்ற பிழை வரும். டிசைனர்சீரியலைசேஷன்விசிபிலிட்டியை ஹிட்டன் என்று வைத்தால் போதும்.

கேள்வி: என் கண்ட்ரோலைத் தனியாக டிசைனரில் திறந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ஃபார்மில் இழுத்துப் போட்டால் டேட்டாபேஸ் பிழை காட்டி டிசைனரே திறக்க மறுக்கிறது. நிரலை ஓட்டவே இல்லையே!

பதில்: நீங்கள் ஓட்டவில்லை, டிசைனர் ஓட்டுகிறது. கண்ட்ரோலைத் தனியாகத் திறக்கும்போது டிசைனர் உண்மையில் உருவாக்குவது அதன் அடிப்படை வகுப்பைத்தான்; இனிஷியலைஸ்காம்பொனென்டில் உள்ள வரிகளைப் படித்துப் பெட்டிகளை அதன்மேல் அடுக்கிக் காட்டுகிறது. உங்கள் கன்ஸ்ட்ரக்டர் (வகுப்பு உருவாகும்போது ஓடும் பகுதி) அப்போது ஓடுவதே இல்லை. ஃபார்மில் வைத்ததும் கதை மாறுகிறது. கம்பைல் ஆன உங்கள் வகுப்பு நிஜமாகவே உருவாகிறது. கன்ஸ்ட்ரக்டர் ஓடுகிறது, லோட் ஈவென்டும் ஓடுகிறது. நீங்கள் கன்ஸ்ட்ரக்டரிலேயே மாநிலப் பட்டியலுக்காக டேட்டாபேஸைத் தொடுகிறீர்கள். இணைப்பு விவரம் இருக்கும் கான்ஃபிக் கோப்பு உங்கள் நிரலுக்கு உரியது, விஷுவல் ஸ்டூடியோவுக்கு அது கிடைக்காது.

டிசைன்மோட் ப்ராப்பர்டியை வைத்துத் தடுக்கலாமே என்று பலர் எழுதுகிறார்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் அது எப்போதும் ஃபால்ஸ்தான். கண்ட்ரோல் தன் இடத்தோடு இணைக்கப்படுவது அதற்குப் பிறகே. லைசென்ஸ்மேனேஜரின் யூசேஜ்மோடைக் கேட்டால் கன்ஸ்ட்ரக்டரிலும் சரியான விடை கிடைக்கும். ஆனால் எனக்கு அந்தக் காவலே பிடிக்காது. ‘பட்டியலை நிரப்பு’ என்று ஒரு மெத்தட் வைத்து, ஃபார்ம் தயாரானதும் அது பட்டியலைக் கொடுக்கட்டும். முகவரி கேட்கும் பெட்டிக்கு டேட்டாபேஸோடு என்ன உறவு?

கேள்வி: இடப்பக்க மெனுவை அழுத்தினால் வலப்பக்க பேனலில் வெவ்வேறு யூசர் கண்ட்ரோல்கள் மாறி மாறி வரும். காலையில் நன்றாக இருக்கிறது. மாலையில் ‘சாளர ஹேண்டிலை உருவாக்க முடியவில்லை’ என்று விழுந்துவிடுகிறது. மெமரி கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஹேண்டில் என்பது விண்டோஸ் ஒரு சாளரத்துக்குத் தரும் அடையாளம்; கண்ட்ரோல்களும் விண்டோஸுக்குச் சாளரங்களே. ஒரு ப்ராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பது சாளரம், மெனு போன்ற 10,000 யூசர் ஆப்ஜெக்டுகள். அது தீர்ந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் யூசர் ஆப்ஜெக்டுகளுக்கான நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு மெனுவை நான்கு முறை மாற்றிப் பாருங்கள். எண் ஏறுமே தவிர இறங்காது.

குற்றவாளி நீங்கள் எழுதிய கண்ட்ரோல்ஸ்.கிளியர் வரி. அது கண்ட்ரோல்களைப் பேனலிலிருந்து கழற்றுகிறது, அழிப்பதில்லை. ஒவ்வொன்றையும் டிஸ்போஸ் செய்ய வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்போஸ் ஆகும் கண்ட்ரோல் பட்டியலிலிருந்து தானே நீங்கிக்கொள்ளும். ஃபார்ஈச் போட்டால் முதலாவது நீங்கியதும் இரண்டாவது முதல் இடத்துக்கு வந்துவிடும். சுற்றோ அடுத்த இடத்துக்குப் போய்விடும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும், பிழைச் செய்தியும் வராது. எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை முதல் இடத்தில் இருப்பதையே டிஸ்போஸ் செய்யும் ஒரு வைல் சுற்று எழுதுங்கள்.

கேள்வி: எடைமேடைக் கருவியோடு வந்த பழைய ஓசிஎக்ஸ் (ஆக்டிவ்எக்ஸ் கண்ட்ரோல்) கோப்பு. அதைப் பதிவு செய்யும் ரெஜ்எஸ்விஆர்32 கருவி வெற்றி என்கிறது, என் நிரலோ ‘வகுப்பு பதிவாகவில்லை’ என்கிறது. விஷுவல் ஸ்டூடியோ 2022 டிசைனரிலும் வைக்க முடியவில்லை.

பதில்: இரண்டும் ஒரே காரணம்தான். ஓசிஎக்ஸ் என்பது விஷுவல் பேசிக் 4 காலத்து, அதாவது 1995-இன் ஏற்பாடு. உங்களுடையது 32 பிட். 32 பிட் கோப்பை 64 பிட் ப்ராசஸுக்குள் ஏற்றவே முடியாது. எனிசிபியு என்று கம்பைல் செய்த நிரல் 64 பிட் விண்டோஸில் 64 பிட்டாக ஓடலாம். அது தேடும் இடத்தில் உங்கள் பதிவு இருக்காது. பிளாட்ஃபார்ம் டார்கெட்டை எக்ஸ்86 என்று மாற்றுங்கள், முதல் சிக்கல் தீரும்.

விஷுவல் ஸ்டூடியோ 2022 தானே 64 பிட் ஆகிவிட்டதால் டிசைனரில் சிரமம். ஆக்ஸ்இம்ப் கருவியால் உறை டிஎல்எல்லைச் செய்துகொண்டு, கண்ட்ரோலை நிரல் வரிகளிலேயே ஃபார்மில் சேர்த்துவிடலாம். 2019 பதிப்பு கையில் இருந்தால் அந்த ஒரு ஃபார்மை அதில் வரைந்துகொள்வது இன்னும் எளிது. மெயின் மெத்தடின் தலையில் எஸ்டிஏத்ரெட் என்ற அட்ரிப்யூட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஆக்டிவ்எக்ஸ் எழுந்திருக்காது.

கேள்வி: டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் ஃபார்ம்ஸுக்குப் பின் வந்த சாளரத் தொகுப்பு) சாளரத்தில் விண்டோஸ்ஃபார்ம்ஸ்ஹோஸ்ட் வழியாகப் பழைய கண்ட்ரோலை வைத்தேன். அதன்மேல் ‘காத்திருக்கவும்’ என்று ஒரு திரை போட்டால் அது பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

பதில்: எதன்மேல் எது என்று சொல்லும் இசட்இண்டெக்ஸை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. ஹோஸ்டுக்குள் இருப்பது தனி ஹேண்டில் உள்ள சாளரம். அதன் பரப்பில் டபிள்யூபிஎஃப் வரைய முடியாது. காத்திருக்கும் நேரத்தில் ஹோஸ்டை மறைத்துவிடுங்கள், அல்லது செய்தியைத் தனிச் சாளரமாகக் காட்டுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் அழகாக இருக்கும் கண்ட்ரோல், லேபிள்களைத் தமிழாக்கியதும் ‘வாடிக்கையாளர் பெ’ என்று வெட்டுப்படுகிறது.

பதில்: லேபிளின் அகலத்தைப் பிக்சலில் பூட்டியிருக்கிறீர்கள். ஆட்டோசைஸை ட்ரூ ஆக்கி, டேபிள்லேஅவுட்பேனலில் லேபிள் நெடுவரிசையையும் ஆட்டோசைஸ் என்று வையுங்கள். எழுத்துருவுக்கு, விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யுஐ போதும். லதா விண்டோஸ் 10-இல் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சோதிக்கும்போது திரை அளவை 150 சதவீதத்துக்கு மாற்றியும் ஒருமுறை பாருங்கள். ஃபார்முக்கும் கண்ட்ரோலுக்கும் ஆட்டோஸ்கேல்மோட் (அளவு மாறும் முறை) வேறுவேறாக இருந்தால் அங்கேதான் குட்டு வெளிப்படும்.