கொட்டாரமும் கடலும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு திருமணத்துக்காக நானும் மனைவியும் திருவனந்தபுரம் போயிருந்தோம். ஒரு நாள் மிச்சம் இருந்தது. விடுதியில் சொல்லி, வழிகாட்டியோடு கூடிய ஒரு நாள் சுற்றுலா வேனில் இடம் பிடித்தோம். பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், கன்னியாகுமரி. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு பத்துக்குத் திரும்பினோம்.

அரண்மனைக்கு ஐம்பது நிமிடம் கொடுத்தார்கள். சங்கு, பாசிமணி விற்கும் கடைக்கு ஒரு மணி நேரம். விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். சூரிய அஸ்தமனத்தை மேகம் மறைத்துவிட்டது. "இதை யூடியூபிலேயே பார்த்திருக்கலாம்" என்றாள் மனைவி.

இரண்டு கேள்விகள். இப்படிப்பட்ட சுற்றுலாக்களால் ஏதாவது பயன் உண்டா? அடுத்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அரண்மனையையும் கடற்கரையையும் எதற்காக ஒரே நாளில் முடிச்சுப் போடுகிறார்கள்? அப்புறம் ஒரு சந்தேகம்: தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அரண்மனையில் கேரள அரசு எப்படி டிக்கெட் கிழிக்கிறது?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

கடையில் போன ஒரு மணி நேரத்துக்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. நானும் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் பெயர் எழுதிய சங்கு ஒன்றை வாங்கிவந்து, இன்றுவரை அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம்.

ஆனால் "சம்பந்தமே இல்லாத" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அரண்மனையை, அந்த ஊர்ப் பேச்சில் கொட்டாரத்தை, நடத்தியதே கடல்தான். உங்கள் வழிகாட்டி அதைச் சொல்லாமல் விட்டது அவர் குறை. சொல்லியும் நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம். வேனில் ஏறியதும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறோம்.

பூமுகத்தில், அதாவது முகப்புக் கூடத்தில், நுழைந்ததும் ஒரு சீன நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். சீன வணிகர்கள் கொடுத்தது என்பார்கள். உள்ளே ஆள் உயர ஜாடிகள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் கட்டில், 64 வகை மூலிகை மரங்களால் ஆனது, டச்சுக்காரர்கள் தந்த பரிசு என்று அங்கே நிற்பவர் சொல்லியிருப்பார். (64 என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆய கலைகளையே எண்ணிப் பார்த்தவர் யார்?) வேளிமலை அடிவாரத்தில், கடலே கண்ணில் படாத இடத்தில் இருக்கும் வீட்டுக்குள் இவ்வளவு சாமான் கப்பலேறி வந்திருக்கிறது. என்ன காரணம் என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில்: மிளகு.

1729இல் பட்டத்துக்கு வந்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, மிளகு வியாபாரத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தார். மலபார்க் கரையில் மிளகை நம்பிக் கடை விரித்திருந்த டச்சுக் கம்பெனிக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. கொளச்சலில் படையை இறக்கினார்கள். குறி, அப்போது கல்குளம் என்று அழைக்கப்பட்ட இந்த ஊர்தான். 1741 ஆகஸ்டில் கதை தலைகீழானது. கொளச்சலில் டச்சுப் படை சரணடைந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். சிறையில் வைக்க வேண்டிய ஆளை ராஜா தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். அவரும் 36 வருடம், சாகும்வரை, திருவிதாங்கூருக்கே உழைத்தார். 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பெயர். சரணடையும் காட்சி அரண்மனையில் ஓவியமாகவே மாட்டியிருக்கிறது. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையோடு டச்சுக்காரர்கள் அரசியலில் இருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகவே கட்டில் பரிசாக வந்ததோ வேறெப்படி வந்ததோ, அந்தக் கட்டிலுக்கும் கொளச்சல் மணலுக்கும் நடுவே அரை மணி நேர கார்ப் பயணம்தான்.

தக்கலையில் இருந்து நாகர்கோவில் போகும் வழியில் புலியூர்க்குறிச்சி. அங்கே உதயகிரிக் கோட்டை. டி லனாய் பீரங்கி வார்த்த இடம். அவர் சமாதியும் உள்ளேதான், கூரையில்லாத ஒரு சின்னத் தேவாலயத்தில். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. உங்கள் வேன் அங்கே நிற்காமல் போயிருக்கும். எல்லா வேனும் அப்படித்தான் போகிறது. இதே அரண்மனையில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டி லனாயோடு பழகித்தான் கிறிஸ்தவரானார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வாடிகன் புனிதராக அறிவித்த தேவசகாயம் அவர்தான். கடல் வழியாக வந்த ஒரு கைதியால் இந்த வீட்டுக்குள் என்னென்ன நடந்திருக்கிறது பாருங்கள்.

சரி, வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் உங்களைப் போலவே திருவனந்தபுரத்தில் வேன் ஏறினேன். பன்னிரண்டு பேர். வழிகாட்டி மார்த்தாண்டத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து ஒரே மூச்சில் பேசுவார், வாக்கியம் எந்த மொழியில் முடியும் என்று அவருக்கே தெரியாது. அரண்மனையில் அறைக்கு அறை தொல்லியல் துறையின் ஆட்கள் நின்று விளக்குவதால் இவர் வாயை மூடிக்கொண்டுதான் வந்தார். பூமுகத்தில் மட்டும் எங்களை நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். மரக்கூரையில் 90 பூக்கள். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒரே மாதிரி ரெண்டு கண்டுபிடிக்கிறவங்களுக்கு மட்டிப்பழம் வாங்கித் தாறேன்" என்றார். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றோம். ஐந்து நிமிடம். யாருக்கும் பழம் கிடைக்கவில்லை, வித்தியாசம்தான் எல்லாவற்றிலும் இருக்கிறதே. ஆனால் அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால், நான் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்பேன்.

பக்கத்திலேயே தொங்கும் குதிரை விளக்கையும் அவர்தான் காட்டினார். குதிரைமேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் வெண்கல விளக்கு. எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறோமோ அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும், சங்கிலி முறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பாது. சங்கிலிக் கண்ணிகளைக் கோத்த விதம் அப்படி.

எங்களோடு ஈரோட்டில் இருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தானே உள்ளே போகிறோம், அந்தக் கறுப்புத் தரை காலுக்கு ஜில்லென்று இருந்தது. பாட்டி குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்மானத்தை அங்கே நின்றவர் ஒப்பித்தார். பாட்டி, "அதெல்லாம் சரி, எண்ணெய் சிந்துனா எதைப் போட்டுத் துடைச்சாங்க?" என்றார். பதில் இல்லை. அடுத்து ஊட்டுப்புரை. நீளமான இரண்டு மாடிக் கூடம். மாடிக்கு ஆயிரம் பேராக ஒரே நேரத்தில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றார்கள். நான் "பாத்திரம் கழுவியது யார்" என்று ஒரு பெரிய கேள்வி கேட்டுவிட்ட பெருமையோடு நின்றேன். "இலை போட்டிருப்பாங்க தம்பி. அண்டாவைத்தான் கழுவணும், அதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார் பாட்டி. யூடியூபில் பாட்டி வரமாட்டார். இதை உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சுரங்கப்பாதைக் கதையும் இருந்தது, சாரோட்டுக் கொட்டாரம் வரை போகிறது என்று. நம் நாட்டில் சுரங்கம் இல்லாத அரண்மனையை நான் இன்னும் பார்க்கவில்லை. இதையெல்லாம் மறுத்துப் பேசி வழிகாட்டியை மடக்குகிறவர்களும் வேனுக்கு ஒருவர் இருப்பார். எனக்கு அதில் இஷ்டம் இல்லை. கதையைக் கதையாகக் கேட்டுக்கொண்டு, கண்ணெதிரே இருப்பதை நன்றாகப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறவன் நான். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், பயன் உண்டு, ஆனால் முதல் தடவைக்கு மட்டும். எது எங்கே இருக்கிறது, எதற்குத் திரும்பி வர வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேன் போதும். இரண்டாம் தடவை தனியாகப் போங்கள்.

கேரள அரசு விவகாரம். பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர், அதன் பிறகுதான் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அது சும்மா வந்துவிடவில்லை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது, கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. அவர்கள் அதை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒரு தூணைத் துடைப்பதைப் பார்த்தால் கோவில் விக்கிரகத்தைத் துடைப்பது போல இருக்கிறது.

இந்த இரட்டை உரிமையைப் பார்க்க வேண்டுமானால் நவராத்திரிக்கு முன்னால் போங்கள். அரண்மனை சரஸ்வதி யானைமேல் ஏற, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் சேர்ந்துகொள்ள, மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்தது என்று ஐதிகம். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை இரண்டு மாநிலத்தாரும் முறைப்படி கைமாற்றிக்கொள்வார்கள். களியக்காவிளையில் சாமியை எல்லை கடத்திவைப்பார்கள், போலீஸ் மரியாதையோடு.

கடல் பக்கம். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் விவேகானந்தர் பாறையை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. இதைச் சொன்னதற்காக ஏற்கெனவே திட்டு வாங்கியிருக்கிறேன். 2024 டிசம்பரில் வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு ஆசை இன்னும் கூடும், தெரியும். ஆனால் படகு வரிசை தின்னும் நேரத்தில் வட்டக்கோட்டைக்குப் போய் வந்துவிடலாம். கன்னியாகுமரியில் இருந்து ஏழெட்டு கிலோமீட்டர்கூட வராது. டி லனாய் எடுத்துக் கட்டிய கருங்கல் கோட்டை, அலை மோதும் இடத்திலேயே நிற்கிறது. சாய்தளத்தில் ஏறி மதில்மேல் நின்றால் முன்னால் கடல், பின்னால் திரும்பினால் தென்னந்தோப்புக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முதுகு, நடுவில் காற்றாலைகள். மலையும் கடலும் எவ்வளவு நெருக்கம் என்று அங்கே நின்றால்தான் தெரியும். மிளகு விளைந்த மலை அது, கப்பல் வந்த கடல் இது.

நான் போனபோது காற்று பேய்த்தனமாக அடித்தது. பாட்டி முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு மதில் ஓரமாக உட்கார்ந்து, மடியில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தார். காற்றில் பேச முடியவில்லை, கடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அஸ்தமனத்தைப் பிடிக்க வேண்டும்.

அஸ்தமனத்துக்கு மேகத்தைத் திட்டிப் பயனில்லை. எல்லா மாதமும் சூரியன் அங்கே கடலுக்குள் இறங்குவதும் இல்லை, வெயில் காலத்தில் வடக்கே நகர்ந்து தரைப் பக்கமாக மறைந்துவிடும். கடலில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும். அன்றைக்குக் கூட்டமும் அப்படித்தான் ஏறும்.

அடுத்த தடவை நாகர்கோவிலில் தங்குங்கள். காலை ஒன்பதுக்கு அரண்மனைக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேருந்துகள் வருவதற்குள் தாய்க் கொட்டாரத்தைப் பார்த்துவிடலாம். அங்கே ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் இருக்கிறது, அதற்கே அரை மணி நேரம் வேண்டும். பிறகு உதயகிரி, கொளச்சல், மாலைக்கு முட்டம் பாறைகள் அல்லது வட்டக்கோட்டை. இரண்டில் ஒன்றுதான், பேராசைப்பட வேண்டாம்.

திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை. மதுரையில் இருந்து வந்த என் சித்தப்பாவை வாடகைக் காரில் அழைத்துப்போய் ஒரு திங்கட்கிழமை அந்த வாசலில் நிறுத்திய புண்ணியவான் நான். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மூடியிருந்த கதவை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்துவிட்டு, "கதவு நல்லாத்தான்டா இருக்கு" என்றார்.