வாடகைக்கு இருக்கிறவர் மாநகரசபையில் பேசலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறீர்கள், கனடா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை நடந்து போகும் பள்ளிக்கூடத் தெருவில் கார்கள் பறக்கின்றன. சிட்டிசனும் இல்லை, சொந்த வீடும் இல்லை. முறையிட்டால் யாராவது கேட்பார்களா, பிறகு பேப்பர் விஷயத்தில் சிக்கல் வருமா?

முதலில் பயத்தைப் பார்ப்போம். வேகத்தடை கேட்பதற்கும் உங்கள் குடிவரவுக் கோப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குடிவரவு மத்திய அரசின் வேலை, தெரு மாநகரசபையின் வேலை. எந்த விசாவில் இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், நகரில் வசிக்கிறவர்கள் நகரச் சேவைகளைப் பயமில்லாமல் பெறலாம் என்று ரொறன்ரோ மாநகரசபை 2013 இலேயே தீர்மானம் எடுத்திருக்கிறது. உங்களுக்கு இல்லாதது வாக்கு மட்டும்தான். பி.ஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, உள்ளவர்களுக்கும் நகரத் தேர்தலில் வாக்குக் கொடுங்கள் என்று அதே ஆண்டு சபையே மாகாண அரசிடம் கேட்டது. இன்னும் கிடைக்கவில்லை.

சரி, எங்கே தொடங்குவது? 311 க்கு அழையுங்கள், அது மாநகரசபைச் சேவைகளுக்கான தொலைபேசி எண். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முடிவில் ஒரு முறைப்பாட்டு எண் தருவார்கள். அதை வாங்காமல் போனை வைக்க வேண்டாம். பிறகு யாரிடம் போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

எல்லாம் 311 இல் முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தப் பலகையில் நிற்காமல் போகிறவனைப் பிடிப்பது பொலிஸ். தெருவிளக்கு எரியாவிட்டால் மின்சார நிறுவனமான ரொறன்ரோ ஹைட்ரோ. பள்ளிக்கூட வளவுக்குள் பிரச்சினை என்றால் கல்விச்சபை. முன்பு பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் வேகக் கமரா வைத்தார்கள், மாகாண அரசு 2025 நவம்பரோடு அதை ஒன்ராறியோ முழுக்கத் தடைசெய்துவிட்டது. எனக்கு அதில் இன்னும் கோபம்தான். ஆகவே நீங்கள் கேட்கக்கூடியது வேகத்தடை, நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை, பிள்ளைகளைத் தெரு கடத்திவிடும் ஆள், இப்படியானவை.

அடுத்தது உங்கள் வட்டாரக் கவுன்சிலர். ஊரில் போல ஆளைப் பிடித்து, தெரிந்தவர் மூலம் போக வேண்டியதில்லை. நேரே மின்னஞ்சல் எழுதலாம். பதில் பெரும்பாலும் அவருடைய உதவியாளரிடமிருந்துதான் வரும், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், வேலையை நகர்த்துகிறவர் அவர்தான். தாமதமும் ஆகும். 2018 இல் தேர்தல் வேலை தொடங்கிய பிறகு மாகாண அரசு 47 ஆக இருக்க வேண்டிய வட்டாரங்களை 25 ஆகக் குறைத்தது. இப்போது ஒரு கவுன்சிலர் தலையில் லட்சத்துக்கு மேல் மக்கள். அதனால் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும்: தெருவின் பெயர், எந்தச் சந்தி, எந்த நேரம், என்ன நடக்கிறது, 311 எண். 'இங்கே எல்லாரும் வேகமாக ஓடுகிறார்கள்' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'காலை எட்டரைக்கு இந்தச் சந்தியில் பிள்ளைகள் கடக்கும்போது' என்றால் விளங்கும். முகவரியையும் போடுங்கள், தன் வட்டாரத்து ஆளா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம் அயலவர்கள். ஒருவர் பத்துத் தரம் எழுதுவதைவிடப் பத்து வீடுகள் ஒருதரம் எழுதுவது எடுபடும். பின்னேரம் கதவைத் தட்டிக் கேளுங்கள். சீன அம்மாவும் பிலிப்பினோ அப்பாவும் உங்களைப் போலவேதான் பயந்துகொண்டு பிள்ளையை அனுப்புகிறார்கள். கையெழுத்து வாங்கும்போது வாடகைக்காரர், வீட்டுக்காரர் என்று பிரிக்க வேண்டாம்.

இதன் பிறகு போக்குவரத்துப் பிரிவு வாகனங்களை எண்ணும், வேகத்தை அளக்கும். அளவு எட்டவில்லை என்று மறுக்கவும் கூடும். மறுத்தாலும் விஷயம் அங்கே முடிந்துவிடாது. இப்படியான உள்ளூர்த் தெரு விவகாரங்கள் ஸ்காபரோ சமூக சபைக்குப் போகும், அதாவது இங்குள்ள ஆறு கவுன்சிலர்களும் கூடும் சபைக்கு. அங்கே பொதுமக்கள் பேசலாம், நேரில் வந்தும் வீடியோவிலும். முன்கூட்டியே பெயரைப் பதிய வேண்டும். கிடைப்பது ஐந்து நிமிடம், ஆட்கள் கூடினால் அதையும் குறைப்பார்கள். எங்கள் ஆட்கள் வணக்கம் சொல்லி, தலைவருக்கு நன்றி சொல்லி, ஊர்க் கதை தொடங்கும்போதே நேரம் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்பதை முதல் வசனத்திலேயே கேட்டுவிடுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுத்தில் அனுப்பலாம், ஆனால் அதில் போடும் பெயர் பொதுப் பதிவில் இருக்கும். மாநகரசபை முழுதாகக் கூடும் கூட்டத்தில் பொதுமக்களைப் பேச விடுவதில்லை, ஆகவே அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். பேஸ்மென்டுக்கு முறையான அனுமதி எடுக்காதவர்கள் மாநகரசபை என்றாலே நடுங்குவார்கள், 'இதெல்லாம் உமக்கு ஏன்' என்பார்கள். தெருவில் வேகத்தடை கேட்டதற்காக ஒருவரும் வீட்டுக்குள் வந்து பரிசோதிப்பதில்லை என்று சொல்லுங்கள். அவரிடம் அனுமதி கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஆனாலும் முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.