கப்பல் சாய்ந்தால் அறையிலேயே இருக்கலாமா?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஓர் இரவு ஃபெரியில் பயணம் செய்ய முன்பதிவு செய்திருக்கிறோம். தென் கொரியாவில் பள்ளி மாணவர்களோடு மூழ்கிய கப்பலைப் பற்றிப் படித்ததிலிருந்து என் மகள் அஞ்சுகிறாள். ஆபத்து நேரத்தில் ‘அறையிலேயே இருங்கள்’ என்று அறிவித்தால் அதைக் கேட்பதா, வெளியேறுவதா?

பதில்: உங்கள் மகள் படித்தது ‘செவோல்’ கப்பலைப் பற்றி. 2014 ஏப்ரல் 16 அன்று இஞ்சியோனிலிருந்து ஜெஜு தீவுக்குச் சென்றுகொண்டிருந்த அந்தக் கப்பலில் இருந்த 476 பேரில் 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் ஒரே உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள். கப்பல் ஏன் சாய்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த கப்பலில் நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது.

தஞ்சாவூர்ப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பதற்கு அதன் அடிக்கனமே காரணம். கப்பலுக்கும் அந்த அடிக்கனம் வேண்டும். அதற்காகவே கீழ்த்தொட்டிகளில் ‘பேலஸ்ட்’ எனப்படும் நீரை நிரப்புகிறார்கள். 1994இல் ஜப்பானில் கட்டப்பட்ட செவோலைக் கொரிய நிறுவனம் வாங்கியபின், பின்பக்க மேல்தளங்களில் கூடுதல் அறைகளைக் கட்டியதால் மேற்கனம் ஏறியது. இந்த மாற்றத்துக்கு அனுமதி தந்தபோது, சரக்கைக் குறைத்து பேலஸ்ட் நீரைக் கூட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்து, சரக்குக்கு 987 டன் என வரம்பும் வைத்தார்கள். அன்று ஏற்றப்பட்டதோ 2,100 டன்னுக்கும் மேல். அவ்வளவு பாரத்தில், கப்பல் எதுவரை அமிழலாம் என்று அதன் விலாவில் குறித்திருக்கும் பாரக்கோடு நீருக்குள் போயிருக்க வேண்டும். அமிழ்ந்திருந்தால் துறைமுகத்திலேயே பிடிபட்டிருக்கும். அதைத் தவிர்க்க பேலஸ்ட் நீரைக் குறைத்துக்கொண்டார்கள். கரையில் நின்று கோட்டை மட்டும் பார்ப்பவருக்குக் கப்பல் ஒழுங்காகவே தெரியும். இதை விபத்து என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

அமைதியான கடலில், காலை 8:49 மணி அளவில் கப்பல் சட்டென்று திரும்பியது. அது ஏன் திரும்பியது என்பதில், 2018இல் அறிக்கை அளித்த விசாரணைக் குழுவே இரு கருத்துகளாகப் பிரிந்தது. ஆனால் திரும்பிய கப்பல் ஏன் நிமிரவில்லை என்பது தெளிவு: சரியாகக் கட்டப்படாத வாகனங்களும் கண்டெய்னர்களும் ஒரு பக்கமாகச் சரிந்தன, மூடியிருக்க வேண்டிய நீர்புகாக் கதவுகள் திறந்து கிடந்தன.

முதல் உதவி அழைப்பு கப்பலிலிருந்த ஒரு மாணவரின் கைப்பேசியிலிருந்து போனது. அவசர உதவி மையம் அதைக் கடலோரக் காவல் படைக்கு இணைக்க, அங்கிருந்தவர்கள் அந்தப் பிள்ளையிடம் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்டார்கள். அவர் உயிர் பிழைக்கவில்லை. ஒலிபெருக்கி திரும்பத் திரும்ப ‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்றது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். கேப்டன் முதலில் வெளியேறியவர்களோடு போய்விட்டார். கப்பல் முழுதும் கவிழ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆனது. தொடக்கத்திலேயே மேல்தளத்துக்கு வரச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள்.

இனி உங்கள் கேள்வி. சிறு தீ, இயந்திரக் கோளாறு போன்றவற்றில் ஊழியர் சொல்வதைக் கேட்பதே சரி. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் அதுவே கப்பலைச் சாய்க்கும். ஆனால் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சில நிமிடங்களாகியும் நிமிராமல் சாய்வு கூடிக்கொண்டே போனால், அறையில் இருக்க வேண்டாம். ‘மஸ்டர் ஸ்டேஷன்’ என்று பச்சைப் பலகையில் குறித்திருக்கும் கூடுமிடத்துக்குப் போய்விடுங்கள். அவசரத்தில் பயணிகள் சேர வேண்டிய இடமாகக் கப்பலே குறித்து வைத்திருப்பது அதுதான். சாய்வு முப்பது பாகையை நெருங்கினால் நடைவழி சறுக்குப் பலகையாகிவிடும், இன்னும் சாய்ந்தால் கதவுகள் தலைக்கு மேலே போய்விடும். ஆகவே நடக்க முடியும்போதே கிளம்ப வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அணிந்தபடி அறைக்குள் காத்திருக்காதீர்கள். உள்ளே நீர் ஏறினால் அது உங்களைக் கூரையோடு ஒட்ட வைத்துவிடும், நீருக்குள் முங்கி வாசலை அடைய விடாது. காற்று நிரப்பும் வகையென்றால் வெளியே வந்தபிறகே நிரப்புங்கள்.

ஏறும்போதே ஆட்கள் அளவுக்கு மீறி நெருக்கினாலோ, வாகனங்கள் சங்கிலியால் கட்டப்படாமல் நின்றாலோ, பயணச்சீட்டின் பணம் போனாலும் இறங்கிவிடுங்கள். பெட்டிகளை அறையில் வைத்ததும் மகளை அழைத்துக்கொண்டு கூடுமிடம் வரை இரண்டு முறை நடந்து பாருங்கள்; விளக்கு அணைந்தாலும் வழி தெரியும்படி, சுவரில் கை வைத்து எத்தனையாவது கதவில் திரும்ப வேண்டும் என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள்.